பெட்டிக்குள் அடைத்த காற்றுக்கும் கட்டணம்

மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலை மிட்டாய் இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. கடலை மிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது, முறுக்குக்கு 2023-இல். இரண்டிலும் இரண்டிரண்டு கிலோ எடுத்துத் தனித்தனிப் பெட்டியில் கட்டி டெல்லிக்குக் கூரியரில் போட்டால், முறுக்குக்குத்தான் கூடுதல் பணம் கேட்பார்கள். தராசு இரண்டுக்கும் ஒரே எடையைத்தான் காட்டும். ஆனால் கவுன்ட்டரில் தராசோடு ஓர் இஞ்ச் டேப்பும் இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே பண்டம் விற்கத் தொடங்குகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்த டேப்பின் கணக்கை.

பஞ்சு மூட்டை ஏற்றிய லாரியில் பாரம் ஏறும் முன்பே இடம் தீர்ந்துவிடும். விமானத்தில் இடம் இன்னும் அருமை. அதனால் பார்சல் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதையும் எடையாக மாற்றிக் கணக்கிடுகிறார்கள். இதற்கு வால்யூமெட்ரிக் வெயிட் என்று பெயர். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிடைக்கும். வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பரவலாகப் புழங்குவது 5000. தராசு எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில்.

கையில் கிடைத்தது என்று 40, 30, 25 சென்டிமீட்டர் பெட்டி ஒன்றில் அந்த இரண்டு கிலோ முறுக்கைப் போட்டு, மிச்ச இடத்தைச் செய்தித்தாளால் அடைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 30,000, வகுத்தால் 6. ஆறு கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். அதே முறுக்கை 30, 20, 20 அளவுள்ள பெட்டியில் நெருக்கி அடுக்கினால் 2.4 கிலோதான். கூரியர் கட்டணம் பெரும்பாலும் அரைக் கிலோ படிகளில் ஏறுவதால் இது இரண்டரை கிலோ ஆகும். பண்டம், ஊர், கூரியர் எதுவும் மாறவில்லை. மாறியது பெட்டி ஒன்றுதான். ஒரே பெரிய அளவில் நூறு பெட்டி வாங்கினால் விலை மலிவு என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். அந்த மலிவு ஒவ்வொரு பார்சலிலும் கையைக் கடிக்கும். மூன்று நான்கு அளவுகளில் பெட்டி வைத்துக்கொள்வதே நல்லது.

அந்த அட்டைப்பெட்டியையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தால் இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள் ஓடுவது தெரியும். இது த்ரீ ப்ளை. இன்னொரு நெளிவும் இன்னொரு தட்டைத் தாளும் சேர்ந்தால் ஃபைவ் ப்ளை. நெளிதாளுக்கு இங்கிலாந்தில் 1856-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அப்போது அது ஆண்களின் உயரத் தொப்பிக்குள் வைக்கப் பயன்பட்டது. 1871-இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் கண்ணாடிப் பாட்டில்களைச் சுற்ற அதைப் பயன்படுத்தினார். அதன் பிறகுதான் அது பெட்டியானது.

நெளிவுகள் செங்குத்தாக நிற்கும்படிதான் பெட்டி செய்கிறார்கள். மேலே வரும் பாரத்தை அவை தூண்களாக நின்று தாங்குகின்றன. அதிலும் பாரத்தின் பெரும்பங்கைச் சுமப்பவை நான்கு மூலைகள். ஆகவே மூலை நசுங்கிய பழைய பெட்டி மேலுக்கு நன்றாக இருந்தாலும் பாதி உயிர் போனதுதான். கோடவுனில் அடுக்கும்போதும் மூலைக்கு நேர் மேலே மூலை வர வேண்டும். செங்கல் சுவர்போல மாற்றி மாற்றி வைத்தால் அடுக்கு சாயாது, உண்மைதான். ஆனால் மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் மெலிந்த நடுப்பகுதியில் இறங்கி அதை நசுக்கும்.

அட்டைக்கு ஈரம் ஆகாது. காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டினால் பெட்டி தன் தாங்குதிறனில் ஏறக்குறைய பாதியை இழக்கும். நம் ஊரில் தீபாவளிப் பலகாரம் போவதும் வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் ஒரே ஐப்பசியில். கோடையில் த்ரீ ப்ளையில் பத்திரமாகப் போன சரக்குக்கு அந்த மாதத்தில் ஃபைவ் ப்ளை போடுவது வீண் செலவில்லை. பெட்டிகளை வெறுந்தரையில் அடுக்காமல் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள்.

பார்சல் வழியில் கீழே விழத்தான் செய்யும். விழாது என்று நம்பிக் கட்டுவதைவிட விழும் என்று எண்ணிக் கட்டுவது மேல். பேக்கிங் சோதனைக்கென உலக அளவில் உள்ள ஐஎஸ்டிஏ அமைப்பின் எளிய முறை ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒன்பது கிலோ வரையுள்ள பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும்: ஒரு மூலையில் ஒரு முறை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகளிலும் ஒவ்வொரு முறை, ஆறு பக்கங்களிலும் ஒவ்வொரு முறை. பிறகு பிரித்துப் பாருங்கள். முறுக்கு தூளாகியிருந்தால் வாடிக்கையாளர் வீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான் போய்ச் சேரும்.

மேலே ஒட்டும் முகவரியில் முதலில் சரிபார்க்க வேண்டியது பின்கோடு. தமிழ்நாட்டில் எத்தனை புதூர்கள்! அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஸ்ரீராம் பிக்காஜி வேலங்கர் வகுத்த ஆறு இலக்க முறை 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தது. மணப்பாறையின் 621306-இல் முதல் 6 தென்கோடி மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்றும் சேர்ந்தால் எந்த மாவட்டத்தில் பிரிக்க வேண்டும் என்பது தெரியும். கடைசி மூன்றும் தபால் நிலையம். முதல் மூன்றில் ஓர் எண் பிசகினால் பார்சல் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

ஸ்பீட் போஸ்ட் ரசீதில் உள்ள எண்ணையும் கவனியுங்கள். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், பின்னால் நாட்டுக் குறியீடு. அந்த ஒன்பதாவது இலக்கம் ஒரு காவல்காரன். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7-ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து வரும் மீதியை 11-இலிருந்து கழித்தால் அது கிடைக்கும் (விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று கொள்வார்கள்). 47312482 என்றால் கூட்டுத்தொகை 200, மீதி 2, ஆகவே காவல் எண் 9. யாராவது நடுவில் 31-ஐ 13 என்று மாற்றித் தட்டினால் 9-க்குப் பதில் 2 வந்திருக்க வேண்டும்; கணினி உடனே பிழையைக் கண்டுகொள்ளும். தாளும் பென்சிலும் போதும், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் சிஓடி புதிய ஏற்பாடு என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தியத் தபால் துறையில் இதே ஏற்பாடு வி.பி.பி. என்ற பெயரில் 1877-லேயே வந்துவிட்டது, புத்தகமும் சித்த மருந்தும் நெடுங்காலம் அதில்தான் ஊர் ஊராகப் போயின. பார்சலை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். திரும்பி வரும் பார்சலுக்குப் போன கூலியோடு வந்த கூலியும் நம் தலையில்தான் விழும். தின்பண்டம் என்றால் சரக்கும் வீண். முன்பணம் கட்டுகிறவருக்கு விலையில் சிறிது குறைத்துக் கொடுங்கள். சிஓடிதான் வேண்டும் என்பவரிடம் அனுப்பும் முன் ஒரு வார்த்தை பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் படித்துவிட வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்காத பார்சல் தொலைந்தால் நிறுவனம் தருவது பெரும்பாலும் ஒரு சிறு தொகைதான் என்று அங்கே எழுதியிருக்கும். விலை கூடிய சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுங்கள். பெட்டியை ஒட்டும் முன் உள்ளே இருப்பதை ஒரு படம், ஒட்டிய பின் தராசில் வைத்து எடை தெரிய ஒரு படம், இஞ்ச் டேப்போடு ஒரு படம் எடுத்து வையுங்கள். பொருள் உடைந்தது என்று இழப்பீடு கேட்டாலும், எடையைக் கூட்டிப் பிறகு பில் வந்தாலும், அந்தப் படங்களைத்தான் முதலில் கேட்பார்கள்.