வளையச் சட்டத்துக்குள் வளரும் எலும்பு

விபத்தில் நொறுங்கியோ, சீழ்பிடித்தோ, பிறவிக் குறையாலோ காலெலும்பின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு, அதை அவர்களுடைய உடலே மீண்டும் வளர்த்துக்கொள்ளச் செய்யும் முறையை, 1950களில் மேற்குச் சைபீரியாவின் குர்கான் பகுதியில் பணியாற்றிய சோவியத் மருத்துவர் காவ்ரீல் இலிசாரோவ் உருவாக்கினார். காலைச் சுற்றி உலோக வளையங்களை அமைத்து, 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள கம்பிகளை எலும்பின் ஊடே குறுக்காகச் செலுத்தி, சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பிகளைப் போல விறைப்பாக இழுத்து வளையங்களில் பூட்டுகிறார்கள். பிறகு எலும்பை வெட்டி, ஏறத்தாழ ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்து, அதன்பின் நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம், நான்கு தவணையாக மரைகளைத் திருகி முனைகளை விலக்கி வந்தால், இடைவெளியில் புதிய எலும்பு உருவாகிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல், மறு ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை முறித்துக்கொண்டு, பல அறுவைச் சிகிச்சைகள் பலனளிக்காமல் இலிசாரோவிடம் வந்து தேறியது இம்முறையின் புகழைப் பரப்பியது.

ஆனால் எலும்பு இசைந்து கொடுக்கும் அளவுக்கு அதைச் சூழ்ந்த தசையும் நரம்பும் மூட்டும் இசைந்து கொடுப்பதில்லை என்பதே இச்சிகிச்சையின் பெருந்தொல்லைகளுக்கு வேர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை நீட்டும்போது கெண்டைக்கால் தசை அதே வேகத்தில் நீளாததால், குதிகால் மேலிழுபட்டு, பாதம் விரல்நுனியில் ஊன்றும் நிலைக்குச் சென்றுவிடுகிறது. தொடையெலும்பை நீட்டும்போது முழங்கால் மடங்கிய நிலையில் இறுகுவதோடு, சில வேளைகளில் மூட்டே இடம் பிசகிவிடுகிறது. நரம்பு அளவுக்கு மீறி இழுபட்டால் முதலில் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும், பிறகு கட்டைவிரலை மேலே தூக்கும் வலு குறையும். அந்நிலையில் திருகுவதை மெதுவாக்கவோ நிறுத்தவோ வேண்டும். நாள்தோறும் செய்யும் இயன்முறைப் பயிற்சி இச்சிகிச்சைக்குத் துணை மட்டுமன்று, அதில் சரிபாதி என்றே கொள்ள வேண்டும்.

மிகப் பரவலாகக் காணப்படுவது கம்பித்துளைகளில் ஏற்படும் தொற்று. கம்பி தோலுக்குள் நுழையும் இடம் சிவந்து, தொட்டால் வலித்து, நீர் கசிந்து, கவனிக்காவிட்டால் சீழாக மாறுகிறது. துளையிடும்போது எழும் வெப்பத்தால் சுற்றியுள்ள எலும்பு கருகியிருந்தாலும், கம்பி விறைப்பிழந்து தோலோடு உராய்ந்தாலும் தொற்றுக்கு எளிதில் வழி ஏற்படுகிறது. பெரும்பாலானவை நாள்தோறும் துடைத்துச் சுத்தம் செய்வதாலும் நோய்க்கிருமிக்கொல்லி மாத்திரைகளாலும் அடங்கிவிடும். அடங்காதபோது கம்பியையே அகற்றி வேறிடத்தில் செலுத்த நேரிடும்.

எலும்பும் எப்போதும் எதிர்பார்த்தபடி நடப்பதில்லை. மிக மெதுவாக விலக்கினால் அது முன்கூட்டியே ஒட்டிக்கொள்கிறது. விரைந்து விலக்கினாலோ நோயாளி புகைபிடிப்பவராக இருந்தாலோ புதிய எலும்பு நலிந்து நிற்கிறது. இறந்த எலும்பை வெட்டியகற்றி, நல்ல துண்டொன்றை நகர்த்தி அந்த வெற்றிடத்தை நிரப்பும் முறையில், துண்டு எதிர்முனையைச் சென்றடைந்த பின்னும் அங்கே ஒட்டாமல் போவதுண்டு. அப்போது இடுப்பெலும்பிலிருந்து எடுத்த சிறு துகள்களை வைத்து ஒட்டவைக்க வேண்டியிருக்கும்.

1990இல் டுரோர் பேலி என்ற அறுவை மருத்துவர் இத்தொல்லைகளை மூன்றாக வகுத்தார். அறுவையின்றித் தீர்பவை சிக்கல்கள், மீண்டும் அறுவை தேவைப்படுபவை தடைகள், சிகிச்சை முடிந்த பின்னும் தீராது நிற்பவையே உண்மையான பின்விளைவுகள் என்ற அப்பகுப்பு நோயாளிகளுக்கும் பெரிதும் பயன்படுவது. ஏனெனில் கத்தி வைப்பதற்கு முன்பே இவை விளக்கப்பட்டால், வழியில் வரும் சீழும் வலியும் தோல்வியின் அடையாளம் அல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உயரம் கூட்டுவதற்காக மட்டும் நலமான காலை வெட்டிக்கொள்ள விரும்புவோரிடம் இதைச் சொல்லாமல் விடுவது பெரும் அநீதி.

நீட்டிய ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு மாதமோ அதற்கு மேலோ சட்டம் காலில் இருக்க வேண்டியிருப்பதால், 5 சென்டிமீட்டர் நீட்டியவர் ஏறத்தாழ அரையாண்டு புரண்டு படுக்க முடியாமல், வழக்கமான கால்சட்டை அணிய முடியாமல் நாட்களைக் கழிக்கிறார். தூக்கமின்மையும் மனச்சோர்வும் அவரைப் பற்றிக்கொள்வது இயல்பே. ஆயினும் அவசரப்பட்டுக் கழற்றினால் புதிய எலும்பு வளையவோ முறியவோ கூடும் என்பதால், எக்ஸ்ரே படத்தில் அதன் சுவர்கள் தெளிவாகத் தென்படும்வரை காத்திருந்து, வளையங்களை இணைக்கும் தண்டுகளைத் தளர்த்திச் சில நாள் நடக்கவைத்துப் பார்த்த பிறகே சட்டத்தை அகற்றுகிறார்கள். பலருக்கு அதன்பின்னும் சில வாரங்கள் மாவுக்கட்டு தேவைப்படுகிறது.