இரும்புக் குழாய்களை அரிமானத்தினின்று காத்தல்

நிலத்தினடியில் புதைக்கப்பட்ட குடிநீர்க் குழாய் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆகவே அதற்கு நேரும் கேடும் எளிதில் தெரிவதில்லை. வீட்டுக் குழாயில் செந்நீர் வரும்போதும், சாலையில் நீர் கசியும்போதுமே அதன் நினைவு எழுகிறது. நாளொன்றுக்குச் சில மணி நேரம் மட்டும் நீர் விடப்படும் ஊர்களில் இக்கேடு இன்னும் பெரிது. நீர் நின்றதும் குழாயினுள் அழுத்தம் குறைகிறது. அப்போது ஊசித்துளை வழியாகவும் அருகிலுள்ள சாக்கடை நீர் உட்புகக்கூடும். எனவே குழாயைக் காப்பது பொருட்சேதத்தைத் தவிர்ப்பது மட்டுமன்று. மக்களின் உடல்நலத்தைக் காப்பதுமாகும்.

துரு தோன்றும் விதம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் வேண்டும். ஈரமான இரும்பின் பரப்பில் ஓரிடம் நேர்மின் வாயாகவும் மற்றோரிடம் எதிர்மின் வாயாகவும் அமைகின்றன. முதலிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகிறது. அவ்வெலெக்ட்ரான்கள் உலோகத்தினூடே சென்று, இரண்டாமிடத்தில் நீருடனும் பிராணவாயுவுடனும் சேர்ந்து ஹைட்ராக்சில் அயனிகளைத் தோற்றுவிக்கின்றன. கரைந்த இரும்பு இவற்றுடன் கூடி, மேலும் பிராணவாயுவை ஏற்றுத் துருவாகப் படிகிறது.

ஒரே குழாய் மணலிலும் களிமண்ணிலும் கிடப்பின், காற்றுக் குறைந்த களிமண்ணிலுள்ள பகுதியே நேர்மின் வாயாகி அரிக்கப்படும். பித்தளை அடைப்பானுடன் இணைந்த இடத்திலும் இரும்பே கரையும்.

வெளிப்புறக் காப்பு

முதல் வழி, மண்ணையும் இரும்பையும் பிரித்து வைத்தலாகும். முன்னாளில் இதற்கு நிலக்கரித் தார் பெரிதும் பயன்பட்டது. இன்று எபாக்சிப் பூச்சும் பாலித்தீன் உறையும் பயன்படுகின்றன. பூச்சில் கீறல் விழுந்தால் அரிமானம் அச்சிறு இடத்திலேயே குவிந்து விரைவில் துளையிடும். ஆதலின் பள்ளத்தை மூடுமுன் பூச்சைச் சோதித்தலும், குழாயின்மேல் கூரிய கற்கள் விழாமற் காத்தலும் இன்றியமையாதவை.

இரண்டாம் வழி, இரும்பைவிட எளிதில் கரையும் உலோகத்தை அதற்குத் துணையாக்குவது. 1824இல் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் செப்புத் தகடுகளைத் துத்தநாகத் துண்டுகளாலும் இரும்புத் துண்டுகளாலும் காக்க இயலும் எனக் காட்டினார். இன்று மக்னீசியக் கட்டிகளைக் குழாயருகே புதைத்துக் கம்பியால் இணைக்கின்றனர். கட்டி கரைகிறது, குழாய் பிழைக்கிறது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்-இரசாயன ஆராய்ச்சி நிலையம் அரிமானத் தடுப்பைத் தன் ஆய்வுத் துறைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

ஒருதிசை மின்னோட்டத்தால் இயங்கும் இரயில் பாதைகளுக்கருகே தனிக்கவனம் தேவை. தண்டவாளத்தினின்று கசியும் மின்னோட்டம் குழாயில் ஏறி, வேறோரிடத்தில் மண்ணுக்குள் வெளியேறும். அவ்விடத்தில் இரும்பு கரையும். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டில் ஏறத்தாழ 9 கிலோகிராம் இரும்பைக் கரைக்கவல்லது.

உட்புறக் காப்பு

குழாயின் உட்புறத்திற் பூசப்படும் சிமெண்டுச் சாந்து, தன் காரத்தன்மையால் இரும்பின்மேல் காப்புப் படலத்தை நிலைநிறுத்துகிறது. கரியமில வாயு மிகுந்த மென்னீர் அரிக்கும் இயல்புடையது. அதில் சுண்ணாம்பை அளவுடன் சேர்த்தால் அவ்வியல்பு தணியும். நீரின் தன்மையைப் புறக்கணித்தால் நேரும் தீங்கிற்கு அமெரிக்காவின் பிளின்ட் நகரம் சான்றாகும். 2014இல் அந்நகரம் ஆற்றுநீருக்கு மாறியபோது, அரிமானத்தைத் தடுக்கும் பாஸ்பேட் சேர்க்கப்படவில்லை. குழாய்கள் அரிக்கப்பட்டுச் செந்நீர் வந்தது. ஈயமும் குடிநீரிற் கலந்தது.

கிராமக் கைப்பம்புகளிலும் இதே நிலை உண்டு. நிலத்தடி நீரின் பி.எச். அளவு 6.5க்குக் குறைந்தால், துத்தநாகம் பூசிய குழாய்களும் விரைவில் கெடும். சுவை கெட்ட செந்நீரை வெறுத்து மக்கள் மீண்டும் குளத்து நீரை நாடுவர். இத்தகைய இடங்களில் துருவுறா எஃகு அல்லது பி.வி.சி. குழாய்களைப் பொருத்துதல் நன்று.

வகுப்பறைச் சோதனை

மூன்று கண்ணாடிக் குவளைகளில் உப்புநீர் எடுத்து, முதலாவதில் வெறும் ஆணியையும், இரண்டாவதில் செப்புக் கம்பி சுற்றிய ஆணியையும், மூன்றாவதில் துத்தநாகத் தகடு சுற்றிய ஆணியையும் இடுக. சில நாட்களில் முதல் ஆணி துருவேறும். இரண்டாவது இன்னும் மிகுதியாகத் துருவேறும். மூன்றாவதில் துத்தநாகம் வெண்மை படிந்து கரைய, ஆணி பெரும்பாலும் துருவின்றி நிற்கும். நிலத்தடியிற் புதைந்த குழாயிலும் நிகழ்வது இதுவே என்பதை மாணவர் தாமே கண்டறிவர்.