நீலத்துக்குள் - 9: விளக்கு முதலில், கேமரா பிறகு

மிதப்பைக் கட்டுப்படுத்துவது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அது ஓரளவு கைவந்ததும் எல்லோருக்கும் அடுத்து வருகிற ஆசை, கீழே பார்ப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது. உடனே எந்தக் கேமரா நல்லது என்று தேட ஆரம்பிக்கிறோம். 4கே போதுமா, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, கையில் இருக்கிற பணம் முழுவதையும் கேமராவிலேயே போட்டுவிடுகிறோம். நான் சொல்வது இதற்கு நேர் எதிர். பணம் முதலில் விளக்குக்குப் போகட்டும், அடுத்து ஹவுசிங்குக்கு, அதாவது கேமராவுக்குள் தண்ணீர் புகாமல் காக்கும் உறைக்கு. கேமரா கடைசி.

காரணம் தண்ணீரிலேயே இருக்கிறது. அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு இன்றைய அதிகாரபூர்வப் பெயர் ஸ்வராஜ் த்வீப். அதற்கு அருகே டிக்ஸன்ஸ் பினாக்கிள் என்ற டைவ் தளத்தில், 20 மீட்டர் ஆழத்தில் பாறை இடுக்கில் ஒரு களவா மீன் நிற்கிறது என்று வையுங்கள். உடம்பெல்லாம் சேற்றுப் பழுப்பு. அதன்மேல் சிறு சிறு நீலப் புள்ளிகள் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. டார்ச்சை அதன் பக்கம் திருப்புங்கள். அதே மீன் பழுத்த மிளகாய்ச் சிவப்பில் நிற்கும்! விளக்கை அணைத்தால் மறுபடி பழுப்பு.

மீனின் நிறம் எப்போதும் சிவப்புதான். சூரிய ஒளியில் இருந்த சிவப்பைத்தான் தண்ணீர் வழியிலேயே உறிஞ்சிவிட்டது. முதல் 5 மீட்டரிலேயே சிவப்பு பெரும்பாலும் போய்விடும். 10 மீட்டர் தாண்டினால் ஆரஞ்சு மங்கும், இன்னும் கீழே மஞ்சளும் வெளுக்கும். மிஞ்சுவது நீலமும் பச்சையும். வந்தே சேராத நிறத்தை எந்த சென்சாராலும் பதிவு செய்ய முடியாது. இந்த விஷயத்தில் விலை குறைந்த கேமராவும் லட்ச ரூபாய் கேமராவும் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பவர்கள் உண்டு. சிவப்பு கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் ஆழத்தில் எடுத்ததென்றால் முடியும். 20 மீட்டரில் எடுத்ததில் சிவப்பை இழுத்து ஏற்றினால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ்தான் வரும்.

கடலுக்கடியில் படமெடுத்த முன்னோடிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஜாக் கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த 'மௌன உலகம்' 1956இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய படம். அதன் தொடக்கக் காட்சியிலேயே முக்குளிப்பவர்கள் தண்ணீருக்குள்ளும் அணையாத தீப்பந்தங்களை ஏந்தித்தான் இறங்குகிறார்கள்.

சரி, எந்த விளக்கு? சாதாரண டைவ் டார்ச் போதாது. அதன் ஒளி குறுகலானது. வீடியோவில் நடுவே ஒரு வெள்ளை வட்டமும் சுற்றிலும் இருட்டும்தான் தெரியும். வீடியோ லைட் என்றே விற்பதை வாங்குங்கள். ஒளிக்கற்றை 100 டிகிரிக்குக் குறையாமல் விரிய வேண்டும். 2,500 லூமென் அளவில் ஒன்று இருந்தால் தொடங்கலாம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருந்தால் நிழல் விழாது. எவ்வளவு பெரிய விளக்கானாலும் அதன் நிறம் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்குள்தான் பயன்படும். ஒளி மீன்வரை போய்த் திரும்பி லென்ஸுக்கு வர வேண்டும். அந்த இரட்டைத் தூரத்திலும் தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் ஜூமை மறந்துவிட்டு, மீனை மிரட்டாமல் நெருங்கப் பழகுங்கள்.

விளக்கை லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்தால் இடையில் மிதக்கும் துகள்கள் எல்லாம் ஒளிபட்டுப் பனி பெய்வதாகத் தெரியும். புதுச்சேரிக் கடலில் கலங்கல் நாளில் டைவ் செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். விளக்கை நீளமான கைகளில் மாட்டி, பக்கவாட்டில் தள்ளி, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி வைப்பதுதான் இதற்கு வழி. பெரிய மீன் கூட்டத்துக்கோ முழுப் பாறைச் சுவருக்கோ விளக்கு எட்டாது. அங்கே ஏறக்குறைய 5 முதல் 15 மீட்டர் வரை சிவப்பு ஃபில்டர் கைகொடுக்கும். அது நீலத்தையும் பச்சையையும் குறைத்து, மிஞ்சிய சிவப்பை மேலே கொண்டுவருகிறது. விளக்கைப் போட்டதும் ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாமே சிவந்துபோகும்.

அடுத்தது ஹவுசிங். 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும், கடல்மட்டத்தில் இருப்பதைவிட 3 கிலோ அதிகமாக அழுத்தம் விழுகிறது. உள்ளங்கையளவு ஹவுசிங்கின் பின்கதவு 5 சென்டிமீட்டருக்கு 7 என்றால், அதன்மேல் மட்டும் நூறு கிலோவுக்கு மேல் சுமை. அத்தனையையும் தடுத்து நிற்பது ஓ-ரிங் என்கிற மெல்லிய ரப்பர் வளையம். ஆழத்தில் அழுத்தமே அந்த வளையத்தை இறுக்கிவிடும். கசிவு பெரும்பாலும் மேலேயே, முதல் சில மீட்டரில் வருகிறது.

அதனால் படகில் ஏறும் முன்பே, காற்று அடிக்காத இடத்தில் உட்கார்ந்து வளையத்தைக் கழற்றுங்கள். ஈர விரல்களுக்கிடையே மெதுவாக உருவிப் பாருங்கள். ஒரு மணல், ஒரு தலைமுடி இருந்தாலும் விரலில் தட்டும். அந்த ஒரு முடி போதும் தண்ணீர் உள்ளே வர. சிலிகான் கிரீஸ் வளையம் மினுங்கும் அளவுக்குத் தடவினால் போதும். அப்பிவிட்டால் அதுவே தூசியை இழுக்கும். ஏசி அறையில் உலர்ந்த காற்றோடு ஹவுசிங்கை மூடி, உள்ளே ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தைச் செருகிவிட்டால் கண்ணாடியில் உள்பக்கம் பனி படியாது.

கேமராவைப் பற்றி இனிச் சொல்ல அதிகமில்லை. கோப்ரோ ஹீரோ5 பிளாக் ஹவுசிங் இல்லாமலேயே 10 மீட்டர் தாங்கும், டிஜேஐ ஆஸ்மோ ஆக்ஷன் 4 தாங்குவது 18 மீட்டர். அதை நம்பி வெறுமனே இறங்காதீர்கள். ஹவுசிங்கோடு ஆஸ்மோ 60 மீட்டர் வரை போகும், பொழுதுபோக்கு டைவுக்கு அது தாராளம். ஆனால் ஆக்ஷன் கேமராக்கள் பெரும்பாலும் மிக நெருங்கினால் மங்கும். நகமளவு கடல் நத்தைகளில் மனம் போகிறவர்களுக்கு ஒலிம்பஸ் டிஜி-6 பொருந்தும். லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் இருப்பதையும் அது தெளிவாகப் பிடிக்கும்.

எதை வாங்கினாலும் இரண்டு கைப்பிடி உள்ள ட்ரேயில் மாட்டுங்கள். செல்ஃபி குச்சியில் எடுத்தது ஆடிக்கொண்டேதான் இருக்கும். இன்னொன்று, இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்: திரையையே பார்த்துக்கொண்டு போகிறவரின் துடுப்புதான் பவளத்தை உதைக்கிறது. கிளைப் பவளத்தின் ஒரு கொம்பு திரும்ப வளர வருடங்கள் ஆகும். கேமராவோடு அசையாமல் நிற்க முடியவில்லை என்றால் அன்றைக்கு அதைப் படகிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். முதல் சில டைவுகளுக்கு டைவ் கடையில் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதும் நல்லது.

சென்னையிலிருந்து விமானத்தில் போகிறவர்கள் விளக்கின் லித்தியம் பேட்டரிகளைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில் வையுங்கள். உதிரி பேட்டரிக்குச் செக்-இன் பெட்டியில் அனுமதி கிடையாது. பெரிய வீடியோ லைட் என்றால் பேட்டரி 100 வாட்-அவரைத் தாண்டுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

(தொடரும்)