பாத நோயும் வைத்தியரை நாடவேண்டிய வேளையும்

உடம்பின் பாரத்தையெல்லாம் சுமப்பது பாதம். ஆயினும் உடையவரின் கவனம் கடைசியாகச் சென்று சேர்வதும் அதனிடமே. முகத்தில் ஒரு பரு தோன்றினாற் கண்ணாடிமுன் நிற்பவர், குதிகாலிற் புண் தோன்றி ஒரு மாதம் கழிந்தும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு பாதத்தில் 26 என்புகளும் 33 மூட்டுக்களும் உள்ளன. இத்துணை நுட்பமான உறுப்பு, நோவு மிகுந்து நடை தடைப்பட்ட பின்னரே பலருக்கு நினைவு வருகின்றது.

கடுகண்ணாவை மலைவழியில் அமைந்த ஊர். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவும், 1867இற் கண்டியை எட்டிய புகையிரதப் பாதையும் இங்கேதான் மலையேறுகின்றன. இத்தகைய ஊரில் வாழ்வோரின் பாதங்களுக்கு உழைப்பு அதிகம். மேடேறுகையிற் குதிகாலின் பின்னுள்ள தசைநாண் இழுபடும். பள்ளம் இறங்குகையில் விரல்கள் சப்பாத்தின் முனையில் மோதி நகம் கறுக்கும். மழைக்காலத்தில் ஈரம் உலராத விரலிடுக்குகளிற் சேற்றுப்புண் உண்டாகும். வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பவருக்கு முள்ளும் அட்டையும் கண்ணாடித்துண்டும் பகை.

இவற்றுட் பல வீட்டிலேயே தீரக்கூடியன. பித்தவெடிப்புக்குக் காலைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுதல் போதும். சேற்றுப்புண்ணுக்கு விரலிடுக்கை உலர்வாக வைத்து, மருந்துக்கடையிற் பெறும் பூஞ்சண மருந்தை இடலாம். காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது குதிகாலிற் குத்தும் நோவுக்கு ஓய்வும், மெத்தென்ற செருப்பும், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் பெரும்பாலும் உதவும். ஆயின் இரண்டு வாரங்களாகியும் குணம் காணாவிடின், வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நகம் சதைக்குட் புதைந்து சீழ்கொண்டாலும், காலாணி நடையைக் கெடுத்தாலும் தாமே கத்தியெடுத்தல் தகாது.

தாமதிக்கலாகாத அறிகுறிகள் சில உள. விரல் கறுத்தல், பாதம் திடீரெனக் குளிர்ந்து வெளிறுதல், சிவப்பு மேனோக்கிப் பரவிக் காய்ச்சல் காணுதல், அடிபட்ட காலை ஊன்ற முடியாமை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். துருப்பிடித்த ஆணி குத்தினால் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி உடனே விசாரித்தல் நன்று. சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் நொந்து, நின்றதும் அந்நோவு மறைவது இரத்தக்குழாய் ஒடுங்கியமைக்கு அறிகுறியாகலாம். புகைபிடிப்போர் இதனை முதுமையின் சோர்வென்று தள்ளிவிடலாகாது.

எனினும், நோவைக்காட்டிலும் அஞ்சத்தக்கது நோவின்மை. இவ்வுண்மையை நன்கு விளக்கியவர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய அறுவை வைத்தியர் போல் பிராண்ட். அவர் 1914இற் கொல்லிமலையிற் பிறந்தவர். 1946இல் வேலூருக்கு வந்தவர். தொழுநோயாளரின் பாதம் சிதைவதற்கு அந்நோயே தசையைத் தின்பது காரணமென்று பலரும் எண்ணியிருந்தனர். உணர்ச்சியற்ற பாதம் மீண்டும் மீண்டும் காயமுறுவதே மெய்க்காரணம் என அவர் காட்டினார். மெத்தென்ற இரப்பர் அடியுள்ள செருப்பு அத்தகைய பாதங்களைக் காத்தது.

அதே நியதி இன்று நீரிழிவு நோயாளருக்கும் பொருந்துகின்றது. நெடுநாள் நீரிழிவினாற் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும், இரத்தவோட்டமும் குறையும். செருப்பினுட் கிடந்த சிறுகல்லை அவர் அறியார். கொதிநீரின் சூட்டையும் அறியார். நோவில்லாமையாற் புண்ணைச் சிறிதென்று எண்ணி, மஞ்சள் வைத்துக் கட்டிக் காத்திருப்பார். அதற்குள் நச்சு என்பை எட்டிவிட, காலையே இழக்க நேரிடும். ஆகவே நீரிழிவுடையோர் பாதத்திற் சிறு கொப்புளம் தோன்றினாலும், நோவின்றியே பாதம் சிவந்து சூடாகி வீங்கினாலும், ஒருநாளும் கடத்தலாகாது. காலாணியைக் கரைக்கும் மருந்துப் பிளாஸ்திரியும் அவர்களுக்கு ஆகாது.

பாதத்துக்கென்றே பயின்றோரை மேனாடுகளிற் பொடியாட்ரிஸ்ட் என்பர். அத்தகையோர் அருகில் இல்லையே என்று மலைநாட்டார் வாளாவிருக்க வேண்டுவதில்லை. முதலில் அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலையை நாடலாம். பெரிய சிகிச்சை வேண்டின், கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் பஸ் வண்டியிற் செல்லும் தூரத்திலேயே உள்ளன. உணர்ச்சியைச் சோதிக்கும் முறையும் எளியது: 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையொன்றைப் பாதத்திற் பல இடங்களில் தொட்டுப் பார்ப்பர். தொட்டது தெரியாத பாதம் காவல் வேண்டும் பாதம் என்க.

நீரிழிவுடையோர் நாள்தோறும் இரவிற் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கையும் அடிப்பாகத்தையும் நோக்குதல் வேண்டும். குனிய இயலாத முதியவருக்கு ஒரு கண்ணாடியோ பேரப்பிள்ளையின் கண்ணோ துணையாகும். வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில், அவர் கேளாவிடினும், இரு பாதங்களையும் செருப்பைக் கழற்றி வைத்தியருக்குக் காட்டிவிட்டே மீளுதல் நலம்.