'காலுஹ்' என்னும் வைரம்: செம்பாக்கா வைரத் தொழிலாளரின் சொல்வழக்கு

இந்தோனேசியாவின் தெற்குக் கலிமந்தானில், பஞ்சார்பாரு நகரைச் சார்ந்த செம்பாக்கா, மரபுவழி வைரம் எடுத்தலுக்குப் பெயர்பெற்ற வட்டாரமாகும். 1965ஆம் ஆண்டு இங்குக் கிடைத்த 166.75 காரட் வைரத்திற்கு அதிபர் சுகர்னோ 'திரிசக்தி' எனப் பெயரிட்டார். அப்புகழைக் காட்டிலும், வைரத்தைத் தேடுவோரின் சொல்வழக்கே மொழி ஆய்வாளர் கவனத்திற்குரியது.

இங்கு வைரம் பண்டைய ஆற்றுப் படிவுகளில் சரளையோடு கலந்து கிடக்கின்றது. தொழிலாளர் குழுவாகக் கூடிக் குழி தோண்டி, மண் சரியாதவாறு மரங்களால் முட்டுக்கொடுத்து, சரளைப் படுகையை அடைவர். வெளிக்கொணர்ந்த சரளையை, நீரில் நின்றவாறு, அகன்ற கூம்பு வடிவ மரத்தட்டில் இட்டுச் சுழற்றுவர். குவார்ட்சின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.65, வைரத்தினுடையது ஏறத்தாழ 3.5. ஆகவே, இலேசான மணல் வெளியேற, கனமானவை தட்டின் அடியில் தங்குகின்றன.

வைரத்திற்கு மலாய் மொழியில் 'இந்தான்' என்று பெயர். சுரங்கக் களத்தில் அச்சொல்லை உச்சரித்தல் ஆகாது. உச்சரித்தால் வைரம் மறைந்துவிடும் என்பது நம்பிக்கை. மாறாக, 'காலுஹ்' என்பர். பஞ்சார் மொழியில் இஃது இளம்பெண்ணை அழைக்கும் சொல்லாகும்.

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என வழங்குவதைக் குழூஉக்குறிக்குச் சான்றாக நம் இலக்கண நூலார் காட்டுவர். 'காலுஹ்' என்பதும் அத்தகையதே எனத் தோன்றலாம். எனினும், ஒரு வேறுபாடு உண்டு. குழூஉக்குறி பிற மனிதரிடமிருந்து பொருளை மறைப்பது. 'காலுஹ்' என்பதோ தேடும் பொருளிடமிருந்தே தேடலை மறைப்பது. செத்தாரைத் 'துஞ்சினார்' எனக் கூறும் மங்கல வழக்கின் அச்சமும் பணிவும் இதில் கலந்துள்ளன.

இவ்வழக்கை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளுதல் பொருந்தாது. பல நாள் உழைத்தும் ஒன்றும் கிட்டாமற் போகலாம். குழி சரிந்தால் உயிரே போகலாம். கிடைத்ததன் விலையையும் நிலவுடைமையாளர் உள்ளிட்ட பலர் பங்கிட வேண்டும். இத்தகைய தொழிலில் ஆசையை வாய்விட்டுக் கூறாமை குழுவின் ஒழுங்கைக் காக்கின்றது. இன்று நீரேற்றும் இயந்திரங்களும் களத்திற்கு வந்துவிட்டன. தொழில்முறை மாறும்போது அதனைச் சார்ந்த சொற்களும் வழக்கிழக்கக்கூடும். ஆதலின், அவற்றைப் பேசுவோரிடமிருந்தே தொகுத்து வைத்தல் காலத்தின் தேவையாகும்.