பெயர் யாருக்கு, நன்றி யாருக்கு? கூட்டு ஆய்வில் நியாயமான அங்கீகாரம்

குழுப்பணி அறிக்கையை ஒப்படைக்கும் நாளில் எல்லா வகுப்பிலும் கேட்கும் ஒரு குரல் உண்டு. "டீச்சர், அவன் ஒண்ணுமே செய்யல, ஆனா பேரு மட்டும் இருக்கு!" பிள்ளைகளின் சச்சரவுதானே என்று நாம் கடந்து போய்விடுகிறோம். இதே சச்சரவு உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் உண்டு. அங்கே பந்தயம் மதிப்பெண் அல்ல. வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி. ஆய்வுலகம் இதை எப்படித் தீர்க்கப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் நம் வகுப்புக்கும் உதவும். மாணவர்களுக்குக் கருத்து விளக்கக் கட்டுரைக்கான சான்றுகளும் கிடைக்கும்.

1. பெயர் ஏன் முக்கியம்?

1928ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் ஒளிச்சிதறல் பற்றிய ஒரு சிறு ஆய்வுக் குறிப்பு வெளிவந்தது. எழுதியவர்கள் இருவர்: சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணன். இருவருமே தமிழ் மண்ணில் பிறந்தவர்கள். 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. ஆனாலும் கிருஷ்ணனின் பங்கை இன்றும் நாம் பேச முடிகிறது. ஏன்? கட்டுரையில் அவர் பெயர் இருக்கிறது. பரிசு ஒருவரோடு நின்றுவிடலாம். கட்டுரையில் உள்ள பெயர் நிலைத்த சான்று.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெயர் என்பது பெருமை மட்டுமல்ல, பொறுப்பும்கூட. ஆய்வில் தவறு இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அதே ஆசிரியர்கள்தாம்.

2. நான்கு நிபந்தனைகள்

மருத்துவ ஆய்விதழ்களின் அனைத்துலக ஆசிரியர் குழு ஒன்று இதற்கு வகுத்த விதியைப் பல துறைகள் பின்பற்றுகின்றன. ஒருவர் கட்டுரையாசிரியர் ஆவதற்கு இவை நான்கும் வேண்டும்:

அ) ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவு திரட்டுவதிலோ, அதை ஆராய்வதிலோ கணிசமான பங்கு.
ஆ) கட்டுரையை எழுதுதல், அல்லது கருத்தளவில் ஆழமாகத் திருத்துதல்.
இ) இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தருதல்.
ஈ) முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்க முன்வருதல்.

நிதி வாங்கித் தந்தவர், பொதுவாக மேற்பார்வை பார்த்தவர், மொழி பிழை திருத்தியவர் ஆகியோர் அந்த வேலைக்காக மட்டும் ஆசிரியர் ஆவதில்லை. அவர்களுக்குரிய இடம் நன்றியுரை. இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. மாதக்கணக்கில் தரவு திரட்டிய இளையவரை எழுதும் கட்டத்தில் கூப்பிடாமல் விட்டுவிட்டு, "நீதான் எழுதவில்லையே" என்று பெயரை நீக்கிவிடலாம். அதனால்தான் முதல் நிபந்தனையை நிறைவேற்றிய ஒவ்வொருவருக்கும் மற்ற மூன்றில் பங்கேற்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. விதியின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை ஆசிரியராகச் சேர்க்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. அவற்றால் பொறுப்பேற்க முடியாது. பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

3. குறைத்துத் தருவதும் கூட்டித் தருவதும்

குறைத்துத் தந்ததற்குச் சான்று ரோசலின்ட் ஃபிராங்க்ளின். அவருடைய ஆய்வில் அவரின் மாணவர் ரேமண்ட் காஸ்லிங் 1952இல் எடுத்த டி.என்.ஏ. ஊடுகதிர்ப் படம், ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல் ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் இறுதியில், அவருடைய வெளிவராத முடிவுகளைப் பொதுவாக அறிந்திருந்தோம் என்ற அளவில் ஒரு நன்றி மட்டும் இருந்தது. கடன் எவ்வளவு பெரியது என்பது அந்த ஒரு வரியில் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டால் போதாது. எதற்கு நன்றி என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

கூட்டித் தந்ததற்குச் சான்று 1948இல் வெளிவந்த ஒரு கட்டுரை. தனிமங்கள் தோன்றிய விதம் பற்றி ரால்ஃப் ஆல்ஃபர் என்ற மாணவரும் அவரின் ஆசிரியர் ஜார்ஜ் காமோவும் எழுதியது. கிரேக்க எழுத்துகளான ஆல்ஃபா, பீட்டா, காமா போல ஒலிக்கட்டும் என்று, ஆய்வில் பங்கேற்காத ஹான்ஸ் பெத்தேயின் பெயரைக் காமோவ் நடுவில் சேர்த்துவிட்டார். வேடிக்கைதான். ஆனால் இரண்டு பெரிய பெயர்களுக்கு இடையே தன் உழைப்பு மறைந்துவிடுமே என்று வருந்தியவர் ஆல்ஃபர். பாருங்கள், சும்மா தருகிற பெயருக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். பெரும்பாலும் அவர் குழுவில் இளையவர்.

4. வரிசை எப்படி?

பல அறிவியல் துறைகளில் அதிகம் உழைத்தவர் முதலில், குழுத் தலைவர் கடைசியில். கணிதத்தில் பெரும்பாலும் அகர வரிசை. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு 5,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள்! அங்கே வரிசையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அதனால் இப்போது பல இதழ்கள் யார் எதைச் செய்தார் என்று 14 வகைப் பங்களிப்புகளின்படி தனியே எழுதச் சொல்கின்றன.

5. வகுப்பில் செய்து பார்க்க

மாணவர்களிடம் இந்தச் சூழலைக் கொடுங்கள். மூவர் குழு, பள்ளி வட்டாரத்தில் கொசுப்புழுக்களை ஆராய்கிறது. முதலாமவர் திட்டமிட்டு அறிக்கை எழுதுகிறார். இரண்டாமவர் மூன்று வாரம் நீர் மாதிரி எடுக்கிறார், ஆனால் எழுதவில்லை. மூன்றாமவர் தட்டச்சு மட்டும் செய்கிறார். ஆய்வக உதவியாளர் நுண்ணோக்கி தந்து உதவுகிறார். யார் பெயர் எங்கே?

விதியின்படி முதலாமவர் ஆசிரியர். இரண்டாமவரிடம் வரைவைக் காட்டித் திருத்தச் சொல்ல வேண்டும். செய்து, ஒப்புக்கொண்டு, பொறுப்பும் ஏற்றால் அவரும் ஆசிரியர். மூன்றாமவருக்கும் உதவியாளருக்கும் நன்றியுரை. "அப்போ எனக்கு மார்க் இல்லையா?" என்று மூன்றாமவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு விடை, வேலையை முதல் வாரத்திலேயே பேசிப் பிரித்துக்கொள்வது. யார் எதைச் செய்வார் என்று ஒரு தாளில் எழுதி, பாதியில் ஒருமுறை சரிபார்த்து, கடைசியில் எல்லாரும் கையொப்பம் இட்டால் சண்டை பாதி குறையும்.

நமக்கும் இதில் பாடம் இல்லாமல் இல்லை. புலனக் குழுவில் வரும் பயிற்சித் தாளைத் திருத்திப் பயன்படுத்தும்போது, தயாரித்த ஆசிரியரின் பெயரை அழிக்காமல், கீழே 'திருத்தியவர்' என்று நம் பெயரைச் சேர்த்தால் போதும். நாம் செய்வதைத்தான் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.