மாதிரி மாறியது, வரைபடம் ஏன் மாறவில்லை?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனது முதல் ஏர்பஸ் ஏ380 விமானத்தை 2006இல் எதிர்பார்த்தது. அது கைக்கு வந்ததோ 2007 அக்டோபரில்தான். தாமதத்திற்கு முக்கியக் காரணம் விமானத்தினுள் ஓடும் சுமார் 530 கிலோமீட்டர் மின்கம்பிகள்! ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்த பொறியாளர்கள் 'கேட்டியா' வடிவமைப்பு மென்பொருளின் 4ஆம் பதிப்பையும், பிரான்சின் துலூஸில் இருந்தவர்கள் 5ஆம் பதிப்பையும் பயன்படுத்தினார்கள். ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்றோர் இடத்தில் முறையாகப் பதிவாகவில்லை. விமானத்தில் பொருத்தப் பார்த்தபோது பல கம்பிகள் நீளம் போதாமல் நின்றன.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயிலும் மாணவரானாலும் தொழிற்சாலையில் பணிபுரிபவரானாலும், இதே சிக்கலின் சிறிய வடிவத்தை நீங்களும் சந்திக்கக்கூடும். முப்பரிமாண மாதிரியில் துளையின் விட்டத்தை 10 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆக மாற்றுகிறீர்கள். வரைபடமோ இன்னும் 10 என்றே காட்டுகிறது. அதை நம்பி உலோகத்தை வெட்டினால் நட்டம் உங்களுக்குத்தான்.

வரைபடம் எப்படித் தானாக மாறுகிறது?

வரைபடக் கோப்பு பெரும்பாலும் மாதிரியின் இருப்பிடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து வடிவத்தையும் அளவுகளையும் எடுத்துக் காட்டுகிறது. எனவே கோளாறை மூன்று இடங்களில் தேடலாம்.

1. இணைப்பு அறுந்துள்ளதா?

கோப்பின் பெயரை மாற்றினாலோ, வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலோ இணைப்பு அறுந்துவிடும். ஆட்டோகேடில் வெளிக்கோப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். காணாமல்போன கோப்பு அதில் தெரியும். முழு முகவரிக்குப் பதில் சார்பு முகவரியைப் பயன்படுத்தினால், மொத்தக் கோப்புறையையும் வேறு கணினிக்கு மாற்றினாலும் இணைப்பு நிலைக்கும். பெயர் ஒன்றாக உள்ள பழைய நகல் ஒன்றுடன் வரைபடம் இணைந்திருப்பதும் உண்டு. முகவரியை முழுவதுமாகப் படியுங்கள்.

2. புதுப்பித்தல் நிறுத்தப்பட்டுள்ளதா?

பெரிய கோப்புகள் வேகமாகத் திறக்க வேண்டும் என்று பலர் தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிட்டு, பிறகு மறந்துவிடுகிறார்கள். சாலிட்வொர்க்ஸில் காட்சியின் மீது சாய்கோடுகள் தெரிந்தால், அது பழைய காட்சி என்று பொருள். 'கண்ட்ரோல்' விசையுடன் 'க்யூ' அழுத்தினால் அனைத்தும் மீண்டும் கணக்கிடப்படும். ஆட்டோகேடில் தானாக மாறும் எழுத்துப் புலங்களை 'ஃபீல்ட்இவால்' என்ற மாறி கட்டுப்படுத்துகிறது. அதன் வழக்கமான மதிப்பு 31. அது 0 ஆக இருந்தால் புலங்கள் தாமாக மாறமாட்டா.

3. அளவு கையால் எழுதப்பட்டதா?

மூன்றில் ஆபத்தானது இதுதான். அவசரத்தில் யாரோ ஒருவர் அளவுக்கோட்டின் மீது எண்ணை நேரடியாகத் தட்டச்சு செய்திருப்பார். பிறகு மாதிரி எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது. இணைப்பு அறுந்தால் எச்சரிக்கை வரும். இங்கு எதுவும் வராது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

எளிய சோதனை

மாதிரியையும் வரைபடத்தையும் ஒன்றாகப் பிரதி எடுங்கள். பிரதி வரைபடம் பிரதி மாதிரியுடன்தான் இணைந்துள்ளது என்பதை உறுதிசெய்யுங்கள். பிறகு மாதிரியின் ஓர் அளவைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றுங்கள். 50ஐ 80 ஆக்கலாம். வரைபடத்தில் எதுவுமே மாறவில்லையா? முதல் இரண்டு காரணங்களைப் பாருங்கள். வடிவம் மாறி, எண் மட்டும் அப்படியே நிற்கிறதா? அந்த அளவு மாதிரியுடன் இணைந்திருக்கவில்லை. அதை அழித்துவிட்டுப் புதிதாக இடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏற்கெனவே அச்சிட்டுப் பட்டறைக்கு அனுப்பிய தாளை எந்த மென்பொருளாலும் புதுப்பிக்க முடியாது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் திருத்த எண்ணை உயர்த்துங்கள். பழைய தாளைத் திரும்பப் பெறுங்கள். அந்த வேலை இன்னும் மனிதர்களுடையதுதான்.